பிரசவத்திற்குப் பின் தாயின் மனநலமும் தொழில்வழிச் சிகிச்சையும்

பிரசவமான மூன்றாம் நாளை ஒட்டித் தாய்மார் பலருக்குக் காரணமின்றிக் கண்ணீர் பெருகுவதுண்டு. இது பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானே நீங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, குழந்தையிடத்தும் நாட்டம் குன்றுமாயின், அதனை மனச்சோர்வு நோயென ஐயுறல் வேண்டும். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான கணக்கின்படி, தாய்மாருள் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. ஆயினும் வீட்டார் இதனைச் சோம்பல் என்றே எண்ணிவிடுகின்றனர்.

இந்நோய்க்கு உதவும் முறைகளுள் ஒன்று தொழில்வழிச் சிகிச்சையாகும். ஈண்டுத் தொழில் என்பது ஊதியத்திற்குச் செய்யும் வேலை மட்டுமன்று. நீராடல், உண்ணல், பாலூட்டல், கோலமிடல், அண்டை வீட்டாருடன் உரையாடல் ஆகிய அன்றாடச் செயல்கள் யாவும் அதனுள் அடங்கும். மனம் சோர்ந்தவள் செயலைக் கைவிடுகிறாள். செயலைக் கைவிடவே மனம் மேலும் சோர்கிறது. இச்சுழலை அறுப்பதே சிகிச்சையின் நோக்கம்.

சிகிச்சையாளர் முதலில் தாயின் ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை கேட்டறிவார். எச்செயல் அவளைக் களைப்புறச் செய்கிறது, எது ஆறுதல் தருகிறது, எதனை அவள் விட்டுவிட்டாள் என்று பிரித்துக் காண்பார். பின்னர், அவளே விரும்பும் சிறு செயல் ஒன்றில் தொடங்குவார். பாட்டி நீர் ஊற்ற, தாய் குழந்தையைக் குளிப்பாட்டலாம். மாலையில் சிறிது நேரம் பூத்தொடுக்கலாம். இரவில் ஒரு வேளை குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்ள, அவள் தடையின்றி உறங்குவதும் இத்திட்டத்தின் பகுதியே. தாயிடம் மிகுதியாக வேலை வாங்குவது சிகிச்சையன்று என்பதை வீட்டாருக்குத் தெளிவாக உணர்த்த வேண்டும். நோய் கடுமையாயின் மருந்தும் வேண்டப்படும். அதனை மருத்துவரே முடிவு செய்வார்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையைக் காண ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டிற்குச் செல்கிறார். குழந்தையின் எடையைக் குறிக்கும் அப்பொழுதே, “நேற்றைய பொழுது எவ்வாறு கழிந்தது?” என்று தாயையும் தனியே கேட்டல் நன்று. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக மூத்த பெண் பள்ளிக்கு வராது நின்றுவிடின், அவ்வீட்டுத் தாயின் நலத்தை ஆசிரியரும் விசாரித்தறியலாம்.

இல்லாத குரல் கேட்பதாகவோ, தன்னையோ குழந்தையையோ மாய்க்கத் தோன்றுவதாகவோ தாய் கூறினால், அவளைத் தனியே விடாது அன்றே மருத்துவரிடம் சேர்ப்பித்தல் இன்றியமையாதது. 2022-ல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைத்து ஆலோசனை பெறலாம். குழந்தையைப் பிரித்துவிடுவர் என்று அஞ்சுவோரும் உளர். சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரித்தலாகாது என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் விதியாகும். இதனை எடுத்துக் கூறின், மறைத்து வைத்த துயரையும் தாய் வெளியிடக் கூடும்.