மீள வாராத ஒற்றர் இருவர்



வெற்றி பெற்ற கதைக்கு மறுபாகம் வேண்டுமென்று கேட்பது மக்களின் இயல்பு. அதனைக் கொடுத்துப் பொருளீட்ட விழைவது பட முதலாளிகளின் இயல்பு. இரு சாராரும் விரும்பியிருந்தும் ஒரு காரியம் பல்லாண்டுகளாகச் செவ்வையாகக் கைகூடவில்லை என்றால், அதன் காரணத்தை ஆராய்தல் சுவையுடையதன்றோ? அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு காலத்திற் பெரும் புகழ் ஈட்டிய ஒற்றர் கதைத் தொடரொன்றுக்கு நேர்ந்தது இதுவே.

'தி மேன் ஃபுரொம் அங்கிள்' என்னும் அத்தொடர் என்.பி.சி. நிலையத்தில் 1964 செப்ரெம்பர் 22 ஆந் திகதி தொடங்கி, 1968 ஜனவரி 15 ஆந் திகதியோடு முடிவடைந்தது. மொத்தம் 105 கதைகள். இங்கு 'அங்கிள்' என்பது மாமனையோ சிற்றப்பனையோ குறிப்பதன்று. உலகத்தின் சட்டம் ஒழுங்கைக் காக்கும் பன்னாட்டு இரகசிய நிறுவனம் ஒன்றின் சுருக்கப் பெயர் அது. அப்பெயரின் முதலிரண்டு எழுத்துக்களும் ஐக்கிய நாடுகள் சபையின் சுருக்கப் பெயராகவும் அமைந்துவிட்டமையால், வழக்கு வருமோவென்று படக் கொம்பனியின் சட்டத்தரணிகள் அஞ்சினர். அச்சத்தைப் போக்கும் பொருட்டு, நிறுவனத்தின் முழுப்பெயரையும் விரித்துக் கூறி, அதன் ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவிக்கும் வாசகம் ஒன்று கதை முடிவிற் காட்டப்பட்டது. இல்லாத நிறுவனத்துக்கு இத்துணை மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்குமோ, அறியேன்.

நியூயோர்க் நகரத்திலே எளிய தையற்கடை ஒன்று. உடை மாற்றும் மறைப்பினுள் நுழைந்தால், அதன் சுவர் திறந்து நிறுவனத்தின் தலைமையகத்துக்கு வழிவிடும். அங்கே முதியவரான வேவலி என்பார் தலைவர். அவருக்குக் கீழே நெப்போலியன் சோலோ, இலியா குரியாகின் என்னும் ஒற்றர் இருவர். சோலோவாக ரொபேட் வோனும், குரியாகினாக டேவிட் மக்கலமும் நடித்தனர்.

இத்தொடரின் பிறப்பில் ஜேம்ஸ் பொண்டைப் படைத்த இயன் பிளெமிங்குக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. தயாரிப்பாளர் நோர்மன் பெல்டன் 1962 இல் அவரைச் சந்தித்தார். நெப்போலியன் சோலோ என்ற பெயர் அச்சந்திப்பின் பயனாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டிலே பிளெமிங் தம் உரிமை அனைத்தையும் ஒரேயொரு பவுணுக்கு விட்டுக்கொடுத்து விலகினார். கதையுலகத்துக்கு உண்மையில் உருவமும் உயிரும் அளித்தவர் சாம் றோல்ப் என்னும் எழுத்தாளரே.

பேனா வடிவான வானொலிக் கருவியும், பகுதி பகுதியாகப் பூட்டி நீட்டக்கூடிய துப்பாக்கியும் அக்காலத்துச் சிறுவர் மனத்தைக் கொள்ளை கொண்டன. ஆயினும் தொடரின் உயிர் அவற்றில் இருந்ததாக நான் கருதவில்லை. அது வேறு இரண்டு இடங்களில் இருந்தது.

முதலாவது, குரியாகினின் நட்பு. கியூபாவில் ஏவுகணைகள் வைக்கப்பட்டதனால் அமெரிக்காவும் சோவியத் ருஷ்யாவும் அணுப்போரின் விளிம்புக்குச் சென்று மீண்டது 1962 ஒக்டோபரில். அதற்குப் பின் இரண்டாண்டுகள் நிறைவதற்கு முன்னரே, ஓர் அமெரிக்கனும் ஒரு ருஷ்யனும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வதையும், ஒருவன் உயிரை மற்றவன் காப்பதையும் அமெரிக்க மக்கள் தம் வீட்டுக் கூடத்தில் இருந்து பார்த்தனர். குரியாகின் தன் நாட்டைத் துறந்து ஓடி வந்தவன் அல்லன். ஒரு கதையிலே சோவியத் கடற்படைச் சீருடையுடனேயே அவன் தோன்றுகின்றான். இருவரும் ஏன் நண்பர்கள் என்பதற்குத் தொடர் விளக்கம் கூறி மெனக்கெடவில்லை. அது இயல்பான செய்தி போலவே விடப்பட்டது. தொடக்கத்தில் மிகச் சிறிய பாத்திரமாகவே குரியாகின் அமைக்கப்பட்டான். மக்கலம் பெற்ற வரவேற்பு அவனைச் சோலோவுக்கு நிகராக உயர்த்திற்று.

ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளப்பட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அரச நீதிக்கு அது பொருந்தும். இத்தொடரின் சுவையோ அந்நெறியை மீறியதிலேயே இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்திருந்தனர். ஒருவரையொருவர் கேலி செய்தனர். ஒருவர் பார்வையை மற்றவர் பேச்சின்றியே உணர்ந்தனர்.

இரண்டாவது, ஒற்றுத் தொழிலோடு எத்தொடர்பும் இல்லாத சாதாரண மனிதர் ஒருவர் கதைக்குள் வந்து அகப்படுவது. முதற் கதையிலேயே இவ்வழக்கம் தொடங்கிவிட்டது. கொடிய சதியொன்றில் ஈடுபட்ட செல்வன் ஒருவனை நெருங்குவதற்குச் சோலோ தேடிச் செல்வது வேறோர் ஒற்றனை அன்று; அச்செல்வன் கல்லூரி நாட்களில் விரும்பியிருந்த பெண்ணொருத்தியை. அவள் இப்போது கணவனும் பிள்ளைகளும் உள்ள குடும்பத் தலைவி. ஆபத்தை அவள் கண்களாலேயே நாம் காண்கின்றோம். இவ்வாறான பாத்திரங்கள் இருந்தமையாலேதான் உலகத்தைக் காப்பது என்னும் பெரும்பேச்சுக்கு அங்கே பொருள் இருந்தது.

இத்துணைச் சிறப்பிருந்தும் தொடர் ஏன் நான்காம் பருவத்தின் நடுவில் நின்றது? 1966 இல் வேறொரு நிலையத்திற் 'பட்மன்' என்னும் தொடர் கோமாளித்தனத்தாற் பெருவெற்றி பெற்றது. அதனைப் பார்த்து இவர்களும் மூன்றாம் பருவத்தை நகைக்கூத்தாக மாற்றினர். கதையில் கொரில்லாவும் வந்து கூத்தாடியது. அதே பருவத்தில் ஸ்டெபனி பவர்ஸ் என்னும் நடிகையைக் கொண்டு ஒரு கிளைத்தொடரும் தொடங்கப்பட்டு, 29 கதைகளோடு ஓய்ந்தது. நான்காம் பருவத்தில் மீண்டும் கண்டிப்பான நடையைக் கைக்கொண்டனர். ஆயின் போன நேயர்கள் திரும்பவில்லை. தொடர் வகித்த இடத்தை 1968 ஜனவரியில் நகைச்சுவை நிகழ்ச்சியொன்று பிடித்துக்கொண்டது.

இனி மறுபிறவி முயற்சிகளுக்கு வருவோம். 1970 களிற் சாம் றோல்ப் தாமே ஒரு மீள்சந்திப்புக் கதை எழுதினார். மக்கட்தொகை பற்றி ஆராய்ந்த மல்தசின் பெயரைத் தலைப்பிற் கொண்ட அக்கதை படமாகவில்லை. பின்னர் தொடரின் அன்பர்களான டானி பீடர்மன், ரொபேட் ஷோர்ட் என்னும் இளைஞர் இருவர் வோனையும் மக்கலத்தையும் கொண்டு பெரும் திரைப்படம் ஒன்று எடுக்க ஆண்டுக்கணக்கில் முயன்றனர். பழைய நடிகர்கள் இருவரும் உயிரோடும் உடல்நலத்தோடும் இருந்த காலம் அது. அந்த வாய்ப்பு நழுவியதே இவ்வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்கது என்பது என் கருத்து.

அதற்கு மாறாகக் கிடைத்தது, 1983 ஏப்ரல் 5 ஆந் திகதி சி.பி.எஸ். நிலையம் ஒளிபரப்பிய தொலைக்காட்சிப் படம். வேவலியாக நடித்த லியோ கரோல் 1972 இற் காலமாகிவிட்டமையால், வேறொரு பிரித்தானிய ஒற்றர் தொடரின் நாயகரான பற்றிக் மக்னீ புதிய தலைவராக வந்தார். சோலோ கணினி வணிகத்தில் இருக்கின்றான்; குரியாகினோ பெண்களுக்கான ஆடைகளை வடிவமைக்கின்றான். பழைய கசப்பொன்றினால் அவன் நிறுவனத்தை விட்டு விலகியிருந்தான். இருவரும் மீண்டும் அழைக்கப்படுகின்றனர். நல்ல தொடக்கந்தான். ஆனால், நடந்தது என்ன? பதினைந்தாண்டுகள் காத்திருந்த மக்கள் இருவரையும் ஒன்றாகக் காண விரும்பியிருக்க, கதை அவர்களை வெவ்வேறு வழியில் அனுப்பிப் படத்தின் பெரும்பகுதியைப் பிரிவிலேயே கழித்தது. வள்ளுவர் நெறியை அன்று மட்டும் பின்பற்றினர் போலும்! பொண்டாக முன்னர் நடித்த ஜோர்ஜ் லேசன்பி 'ஜே.பி.' என்னும் எண்தகடு பொருத்திய காரில் வந்து போகும் காட்சி சிரிப்பூட்டிற்று. ஆயினும் புதிய தொடரொன்று அதனாற் பிறக்கவில்லை.

இரு நடிகரும் மீண்டும் ஒருமுறை 1986 இல் 'ஏ-ரீம்' என்னும் வேறொரு தொடரில் எதிரெதிரே நின்றனர். அங்கே மக்கலம் தன் பழைய தோழனுக்குத் துரோகம் செய்தவனாக நடித்தார். கதையின் தலைப்பிலேயே 'அங்கிள்' என்ற சொல் இருந்தது.

1993 இல் ஜோன் டேவிஸ் என்னும் தயாரிப்பாளர் திரைப்பட உரிமையைப் பெற்றார். அதன்பின் இருபதாண்டுகளுக்கு மேலாகப் பல எழுத்தாளர் எழுதினர்; பல இயக்குநர் வந்து போயினர். 2010 இல் ஸ்டீவன் சொடர்பேர்க் ஒப்புக்கொண்டபோது காரியம் முடிந்ததென்றே தோன்றிற்று. நாயகராகக் கருதப்பட்ட ஜோர்ஜ் குளூனி முதுகு நோயினால் விலகினார். 1960 களின் உலகத்தை மீளக் கட்டுவதற்கு வேண்டிய பணத்தைக் கொடுக்கக் கொம்பனி இசையவில்லை. 2011 நவம்பரிற் சொடர்பேர்க்கும் விலகினார். 2013 இல் ரொம் குறூசுடன் பேச்சு நடந்தது. அவரோ தம்முடைய 'மிஷன்: இம்பொசிபிள்' வரிசையின் ஐந்தாம் படத்துக்காக இதனைக் கைவிட்டார். அதுவும் 1966 இல் தொடங்கிய தொலைக்காட்சி ஒற்றர் தொடரொன்றிலிருந்து கிளைத்ததே.

இறுதியில் கை றிச்சியின் இயக்கத்தில் ஹென்றி கவிலும் ஆர்மி ஹாமரும் நடிக்க, 2015 ஓகஸ்ட் 14 ஆந் திகதி படம் அமெரிக்காவில் வெளிவந்தது. குறூஸின் படம் அதற்கு இரண்டு வாரம் முன்னரே வந்து அரங்குகளைப் பிடித்துக்கொண்டது. முதல் வார இறுதியில் றிச்சியின் படம் ஏறக்குறைய 1 கோடியே 30 இலட்சம் டொலர் ஈட்டி மூன்றாம் இடத்தைப் பெற்றது. இரண்டாம் இடத்தில் நின்றது குறூஸின் படமே. ஏறத்தாழ 7 கோடியே 50 இலட்சம் டொலர் செலவான படம் உலகெங்கும் 11 கோடி டொலர் அளவிலேயே வசூலித்தது. அரங்க உரிமையாளரின் பங்கும் விளம்பரச் செலவும் போனால் அது நட்டமே.

படம் அழகானது. உடைகளும், இசையும், உரோம் நகரத்துக் காட்சிகளும் கண்ணுக்கும் காதுக்கும் விருந்தானவை. பின்னாளில் அதற்கு அன்பர் கூட்டமொன்று சேர்ந்ததும் உண்மை. எனினும் அங்கே 'அங்கிள்' நிறுவனமே இல்லை. கதை முடியும் தறுவாயிலேதான் அப்பெயர் உச்சரிக்கப்படுகின்றது. அதனினும் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. 1963 ஆம் ஆண்டுக் கிழக்கு பேர்லினில் தொடங்கும் அப்படத்திற் சோலோ, சிறைக்குப் பதிலாக அமெரிக்க உளவுத்துறைக்குப் பணிபுரியும் திருடன். குரியாகின், சினத்தை அடக்கமாட்டாத சோவியத் உளவாளி. ஒருவனையொருவன் கொல்ல முயல்வதே அவர்களின் முதற் சந்திப்பு. கதைக்குள் அகப்படும் பெண்ணும் சாதாரணப் பெண் அல்லள். அவளும் ஓர் ஒற்றியே என்பது பின்னர் வெளிப்படுகின்றது.

அணுகுண்டுக்கு அஞ்சிப் பள்ளிப் பிள்ளைகள் மேசைக்கடியிற் பதுங்கப் பழகிய நாட்டிலே, அக்காலத்தவர் ருஷ்யனை நண்பனாகக் காட்டினர். சோவியத் ஒன்றியம் மறைந்து 24 ஆண்டுகள் சென்ற பின் எடுத்தவர்களுக்கோ, அதே இருவரையும் பகைவராகத் தொடங்கி வைத்தாலன்றிக் கதை நகராது எனத் தோன்றிற்று. பகை என்பது சுவரொட்டிக்கு நல்ல பொருள். ஆயினும் இரண்டு மணி நேரச் சண்டையின் முடிவிற் பிறக்கும் நட்பை இன்னொரு படத்திலேதான் காணமுடியும். அந்த இன்னொரு படம் வரவில்லை. அதற்கான கதை எழுதப்படுவதாக 2017 இல் ஹாமர் கூறியதோடு செய்தி நின்றது.

ரொபேட் வோன் 2016 நவம்பரிலும், டேவிட் மக்கலம் 2023 செப்ரெம்பரிலும் காலமாயினர். றிச்சியின் படத்தில் அவ்விருவரும் நடிக்கவில்லை. பழைய 105 கதைகளும் 2007 இல் ஒற்றர் கைப்பெட்டி போன்ற சிறு பேழையொன்றில் இறுவட்டுகளாக வெளியிடப்பட்டன. அவற்றுள் முதலாவதிலே அந்தக் குடும்பத் தலைவி, உலகம் அறியாத ஒரு காரியத்தை முடித்துவிட்டுத் தன் பிள்ளைகளிடம் திரும்பிச் செல்கின்றாள்.