கைக்குழந்தைகளுடன் நெடுந்தூர விமானப் பயணம்

கைக்குழந்தைகளையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நெடுந்தூரம் பறப்பது பெற்றோரை மிகவும் களைப்படையச் செய்யும் பயணங்களில் ஒன்றாகும். சென்னையிலிருந்து நியூயார்க் செல்லும் குடும்பம் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறுவதாகக் கொள்வோம். முதல் கட்டம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அடுத்த கட்டம் ஏறத்தாழ பதினான்கு மணி நேரம். பாதுகாப்புச் சோதனை, இடைக் காத்திருப்பு, குடிவரவு வரிசை ஆகியவற்றையும் சேர்த்தால் வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் போய்ச் சேரும் வரை ஒரு நாளுக்கும் மேல் ஆகிவிடும். வேலை நிமித்தம் வெளிநாட்டில் குடியேறியவர்களும், அங்கே பிறந்த குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் காட்ட ஊருக்கு வருபவர்களும் இப்பயணத்தைத் தவிர்க்க முடிவதில்லை.

விமானத்தில் குழந்தை அழுதால் அதைப் பிடிவாதம் என்றோ, பெற்றோரின் வளர்ப்புக் குறை என்றோ எண்ணுவது வழக்கமாக உள்ளது. ஆனால் அந்த அழுகைக்குப் பெரும்பாலும் தெளிவான காரணங்கள் உண்டு. காற்றழுத்த மாற்றம், வறண்ட காற்று, குறுகிய இடம், குழம்பிப்போன தூக்கம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் சிலவற்றைப் பெற்றோரே குறைக்கலாம். சிலவற்றைக் குறைக்க விமான நிறுவனங்களும் அரசுகளும் விதிகளை மாற்ற வேண்டியிருக்கும்.

காற்றழுத்தமும் காதுவலியும்

நெடுந்தூர விமானங்கள் பொதுவாக 35,000 முதல் 40,000 அடி உயரத்தில் பறக்கின்றன. அந்த உயரத்துக் காற்றை மூச்சாகக் கொண்டு மனிதர் உயிர்வாழ முடியாது. எனவே பயணிகள் அறைக்குள் காற்று அழுத்தி நிரப்பப்படுகிறது. கடல் மட்டத்தில் உள்ள அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் விமானத்தின் உடற்பகுதி பெரும் விசையைத் தாங்க வேண்டியிருக்கும். அதற்கேற்ப எடையும் கூடும். ஆகையால் ஓரளவு குறைந்த அழுத்தமே பராமரிக்கப்படுகிறது. அது 8,000 அடி உயரத்தில் நிலவும் அழுத்தத்தைவிடக் குறையக்கூடாது என்பது விதி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அறையின் நிலை ஏறத்தாழ 6,000 அடிக்குச் சமமாக இருக்கும். உதகமண்டலத்தின் உயரம் 7,300 அடிக்குச் சற்று அதிகம். அதாவது, விமானம் மேலெழும்பும் அரை மணி நேரத்துக்குள் சென்னைக் கடற்கரையிலிருந்து உதகைக்கு ஏறியது போன்ற மாற்றம் உடலுக்கு நேர்கிறது. தரையிறங்கும்போது இதே மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்கிறது.

இதை முதலில் உணர்வது காதுதான். செவிப்பறைக்குப் பின்னே காற்று நிரம்பிய நடுச்செவி உள்ளது. அதை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் மெல்லிய குழாய்க்கு, அதை விளக்கி எழுதிய 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பார்த்தொலோமியோ யூஸ்டாக்கியின் நினைவாக யூஸ்டேஷியன் குழல் என்று பெயர். விமானம் ஏறும்போது நடுச்செவியில் விரியும் காற்று இக்குழல் வழியே எளிதாக வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை வேறு. வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். குழலோ மூடிக் கிடக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தசைகள் இழுத்தால்தான் அது திறக்கும். திறக்காவிட்டால் செவிப்பறை உட்புறமாக இழுக்கப்பட்டு வலி உண்டாகிறது.

குழந்தைகளுக்கு இக்குழல் பெரியவர்களுக்கு இருப்பதைவிடக் குட்டையாகவும் குறுகலாகவும் ஏறத்தாழக் கிடைமட்டமாகவும் அமைந்துள்ளது. சளி பிடித்திருந்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுவது போன்ற பெரியவர்களின் உத்திகள் கைக்குழந்தைக்குத் தெரியாது. வலி எங்கே என்று சொல்லவும் தெரியாது.

ஆகவே விமானம் இறங்கும் நேரத்தில் குழந்தையை விழுங்க வைப்பதே சிறந்த வழி. தாய்ப்பால், புட்டிப்பால், சூப்பான் ஆகிய எதுவும் இதற்கு உதவும். இறங்குதல் என்பது சக்கரம் தரையைத் தொடும் கடைசி நிமிடங்கள் மட்டுமன்று. தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே விமானம் உயரத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். முன்கூட்டியே வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டால் தேவையான நேரத்தில் குழந்தை குடிக்காது. தூக்கத்தில் விழுங்குவது குறைவதால், அப்போது உறங்கும் குழந்தையை மெல்ல எழுப்புவதும் நல்லது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். சிறு பிள்ளைகளுக்குக் கெட்டியான மிட்டாய் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். காதில் சீழ் அல்லது கடும் சளி உள்ள குழந்தையை அழைத்துச் செல்லும் முன் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

வயிறும் வறட்சியும்

8,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் கூடும் என்பது பள்ளியில் கற்பிக்கப்படும் பாயில் விதி. விமானத்தில் சிப்ஸ் பொட்டலம் உப்பிப் பருப்பது இதனால்தான். குழந்தையின் வயிற்றிலுள்ள வாயுவும் அவ்வாறே விரிவதால், பால் குடித்தபின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வது வழக்கத்தைவிட முக்கியமாகிறது. உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர்ப் புட்டியை உயரத்தில் திறந்தால் நீர் பீச்சியடிப்பதும் இதே காரணத்தால்தான். முதலில் மூடியைச் சற்றுத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினால் உடைகள் நனையாமல் தப்பும்.

விமான அறையில் காற்றின் ஈரப்பதம் பொதுவாக 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். மூக்கும் உதடும் உலர்வதால் குழந்தைகள் சிணுங்குவார்கள். பாலையும், ஆறு மாதம் கடந்தவர்களுக்குத் தண்ணீரையும் அடிக்கடி கொடுப்பது இதற்கு எளிய பரிகாரம். 2006இல் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி கண்டுபிடிக்கப்பட்டபின், கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவக் கலன்கள் பல நாடுகளில் தடை செய்யப்பட்டன. குழந்தைகளின் பாலுக்கும் உணவுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. ஆயினும் அவற்றைத் தனியே எடுத்துக் காட்டவும், சோதனைக்காகத் திறக்கவும் வேண்டியிருக்கலாம்.

இருக்கையும் இடமும்

இரண்டு வயது நிறையாத குழந்தை பெற்றோரின் மடியில் பயணம் செய்யலாம் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. பன்னாட்டுப் பயணங்களில் இதற்குப் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு வசூலிக்கப்படுவது வழக்கம். இரண்டு வயது நிறைந்ததும் தனி இருக்கை கட்டாயம். போகும்போது மடியில் சென்ற குழந்தைக்கு இடையில் பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை.

சிறு குழந்தைகளுக்கான தொட்டில், தடுப்புச் சுவருக்கு எதிரேயுள்ள இருக்கைகளில் மட்டுமே பொருத்தப்படும். எண்ணிக்கையும் குறைவு. பதிவு செய்திருந்தாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். விமானம் குலுங்கி இருக்கைப் பட்டை விளக்கு எரியும்போதெல்லாம் உறங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்க வேண்டும். அரும்பாடுபட்டு உறங்கவைத்த குழந்தை விழித்துக்கொள்வது பெரும்பாலும் இப்போதுதான்.

கைக்குழந்தையுடன் வரும் இரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர அனுமதி மறுக்கப்படுவதும் உண்டு. ஒவ்வோர் இருக்கைத் தொகுதிக்கு மேலும் இருக்கைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு ஆக்சிஜன் முகமூடிகளே அதிகம் இருப்பது இதற்குக் காரணம்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் வசூலிக்கும் முறை பரவியபின், ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு வரிசைகளில் பிரிந்து அமரும் நிலை ஏற்பட்டது. இந்தியாவில் 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் இதில் தலையிட்டது. ஒரே முன்பதிவில் பயணிக்கும் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகிலாவது இருக்கை தர வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

மடியில் குழந்தை: தீராத விவாதம்

மடியில் குழந்தையை வைத்திருப்பது செலவைக் குறைக்கிறது. ஆனால் அது பாதுகாப்பானதா என்ற கேள்வி பல பத்தாண்டுகளாக நீடிக்கிறது. 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானம் கட்டுப்பாட்டை இழந்து, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள சூ சிட்டியில் தரையிறங்க முயன்றபோது விபத்துக்குள்ளானது. அதில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தனர். அவர்களைத் தரையில் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு, அன்றைய நெறிமுறைப்படி பணிப்பெண்கள் பெற்றோருக்குச் சொன்னார்கள். மோதலின் வேகத்தில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. 23 மாதக் குழந்தை ஒன்று உயிரிழந்தது. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்று பின்னர் பல ஆண்டுகள் பரப்புரை செய்தார்.

விபத்துகளை ஆராயும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990இல் அதே பரிந்துரையை அளித்தது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சி அமைப்பு அதைக் கட்டாயமாக்க மறுத்தது. கூடுதல் இருக்கைக்குப் பணம் கட்ட நேர்ந்தால் சில குடும்பங்கள் காரில் பயணிக்கும். சாலைப் பயணத்தில் ஆபத்து அதிகம் என்பது அதன் வாதம். தனி இருக்கையே பாதுகாப்பானது என்று அதே அமைப்பு பெற்றோருக்கு அறிவுரையும் கூறுகிறது. கார் வாதம் உள்நாட்டுப் பயணத்துக்குப் பொருந்தலாம். கடல் கடந்து செல்லும் குடும்பத்துக்குக் கார் என்ற மாற்றுவழியே இல்லை.

ஐரோப்பாவில் மடிக்குழந்தைக்குப் பெற்றோரின் பட்டையோடு கோக்கும் துணைப்பட்டை தரப்படுகிறது. இந்திய விமான நிறுவனங்களும் இதை வழங்குகின்றன. எந்த நிலையிலும் பெரியவரின் ஒரே பட்டையைத் தன்னையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டக்கூடாது. மோதலில் பெரியவரின் உடல் எடை முழுவதும் குழந்தையை நசுக்கிவிடும். பணவசதி இருப்பவர்கள் தனி இருக்கை வாங்கி, விமானத்தில் பயன்படுத்தச் சான்றளிக்கப்பட்ட குழந்தை இருக்கையைப் பொருத்துவதே நல்லது.

நேர மாற்றமும் தூக்கமும்

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள சிறு நரம்புக் கொத்து ஒன்று உடலின் கடிகாரமாக இயங்குகிறது. இதைத் திருத்தி அமைப்பதில் வெளிச்சத்துக்கே முதலிடம். இந்தியாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் வேறுபாடு உண்டு. உடற்கடிகாரமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். ஆகையால் ஊர் போய்ச் சேர்ந்த குழந்தை இரவு இரண்டு மணிக்கு எழுந்து விளையாடவும் சாப்பிடவும் கேட்கும். அதன் உடலுக்கு அது நண்பகல். பகலில் வெளியே வெளிச்சத்தில் விளையாட விடுவதும், இரவில் எழுந்தால் மங்கிய வெளிச்சத்தில் சிறிது உணவு கொடுத்து அமைதியாக வைத்திருப்பதும் உதவும். பெற்றோர் இருவரும் இரவு முழுவதும் விழித்திருக்காமல் முறைவைத்து உறங்குவது நல்லது. முதல் இரண்டு மூன்று மாதங்களில் குழந்தைக்கு இந்தக் கடிகாரம் இன்னும் உருவாகியிருக்காது என்பதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

பயணத்தில் தூங்குவதற்காகச் சளி, ஒவ்வாமை மருந்துகளைக் கொடுக்கும் பழக்கம் சில குடும்பங்களில் உள்ளது. இது ஆபத்தானது. புரோமெத்தசின் என்ற மருந்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது. மூச்சு ஒடுங்கி உயிருக்கே கேடு நேரலாம். இவ்வகை மருந்துகள் சில குழந்தைகளிடம் தூக்கத்துக்குப் பதிலாகப் பரபரப்பை உண்டாக்குவதும் உண்டு. மருத்துவர் எழுதித் தராத எதையும் தூக்கத்துக்காகக் கொடுக்கக்கூடாது.

சக பயணிகள்

குழந்தையின் அழுகையைவிட, சுற்றியிருப்பவர்களின் பார்வையே தங்களை அதிகம் வருத்துவதாகப் பெற்றோர் பலர் கூறுவதுண்டு. பணம் கொடுத்துப் பயணிக்கும் மற்றவர்களுக்கும் தூக்கம் தேவை என்பதும் நியாயமே. இதற்குச் சில நிறுவனங்கள் இடத்தைப் பிரித்து விடை கண்டன. ஏர்ஏசியா எக்ஸ் 2013இல் சிறு பிள்ளைகளுக்கு அனுமதியில்லாத அமைதிப் பகுதியை ஏற்படுத்தியது. இண்டிகோ நிறுவனமும் 2016இல் சில வரிசைகளை அவ்வாறு ஒதுக்கியது. ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் இருக்கை வரைபடத்தில் கைக்குழந்தைகள் அமரும் இடங்களைக் குறியிட்டுக் காட்டுகிறது. இவை மற்றப் பயணிகளுக்குத் தேர்வு அளிக்கின்றன. குழந்தையின் காதுவலியைக் குறைப்பதில்லை.

தனியே ஒரு குழந்தையுடன் பயணிக்கும் தாய்க்கோ தந்தைக்கோ கழிவறைக்குச் செல்வதே பெரும்பாடு. மேலே பையை வைக்கக் கைகொடுப்பது, இரண்டு நிமிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, வரிசையில் முன்னே விடுவது ஆகியவையே அவர்களுக்கு உண்மையில் தேவைப்படும் உதவிகள். விமானம் இறங்கத் தொடங்கும்போது அழுகை பலமாகக் கேட்டால், பெரும்பாலும் அந்தக் குழந்தைக்குக் காது வலிக்கிறது என்று பொருள். அழுத்தம் சமநிலைக்கு வந்ததும் அழுகையும் அடங்கிவிடும்.