பெட்டியில் இருப்பது எந்தக் கார்?

வெளிர் நீல உடல், நடுவில் ஆரஞ்சுப் பட்டை. 'லே மான் வென்ற போர்ஷே 917, கல்ஃப் நிறம், 1:43 அளவு' என்று ஒரு விளம்பரம் வந்தால், பழைய பந்தயக் கார்களின் மாடல்களைப் பல காலமாகச் சேர்ப்பவர் உடனே கேட்பார்: எந்த வருஷம்? 1970இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 917, சிவப்பு வெள்ளையில் 23ஆம் எண்ணுடன் ஓடிய சால்ஸ்பர்க் அணியின் கார். ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டினார்கள். 1971இல் வென்றது மார்ட்டினி நிறத்தில் வந்த 22ஆம் எண் கார். கல்ஃப் நிற 917 லே மானை வென்றதே கிடையாது. அது அங்கே ஜெயித்தது 1971இல் ஸ்டீவ் மெக்வீன் நடித்து வெளிவந்த 'லே மான்' திரைப்படத்தில் மட்டும்தான்.

இதை வெறும் வறட்டுப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. உள்ளங்கையில் அடங்குகிற, 10 செ.மீ.கூட இல்லாத ஒரு காருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர், அதிலுள்ள உலோகத்துக்காகவோ ரெசினுக்காகவோ கொடுப்பதில்லை. இந்த வருஷம், இந்தப் பந்தயம், இந்த ஓட்டுநர், இந்த எண் என்ற அடையாளத்துக்காகத்தான் கொடுக்கிறார். அடையாளம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. வர்ணனையைச் சொல்லி விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தியே ஆக வேண்டும் என்கிறது இந்தியாவின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. விற்பவர் கடைக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தன் அலமாரியிலிருந்து எடுத்து விற்கும் தனி மனிதரையும் இது கட்டுப்படுத்தும். ஆகவே விளம்பரத்தின் வாசகமும் படங்களும்தான் வாங்குபவர் கையிலிருக்கும் முதல் சாட்சி. விற்பனை முடிந்ததும் அந்தப் பக்கம் காணாமல் போகலாம். பணம் கட்டும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

அடையாளம் எங்கே தவறும் என்பதற்கு லோட்டஸ் 72 நல்ல உதாரணம். 1970இல் யோகன் ரிண்ட் ஓட்டிய கார், கோல்டு லீஃப் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறத்தில் இருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 5 அன்று மோன்சாவில் அவர் இறந்தார். இறந்த பிறகு உலக சாம்பியன் பட்டம் பெற்ற ஒரே ஃபார்முலா 1 ஓட்டுநர் அவர்தான். ஜான் பிளேயர் ஸ்பெஷலின் கறுப்பும் பொன்னும் வந்தது 1972இல். எமர்சன் ஃபிட்டிபால்டி அந்த நிறத்தில் ஓட்டி சாம்பியன் ஆனார். கறுப்பு லோட்டஸின் பக்கவாட்டில் ரிண்ட் பெயர் இருந்தால், யாரோ பிற்பாடு கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மெக்லாரன் எம்பி4/4 விஷயமும் இப்படித்தான். 1988இல் 16 பந்தயங்களில் 15ஐ வென்ற அந்தக் காரில் சென்னாவின் எண் 12, ப்ரோஸ்டின் எண் 11. சென்னா 1ஆம் எண்ணைப் போட்டது அடுத்த வருஷம், வேறு காரில்.

மேலே சொன்ன நிறங்களில் பல சிகரெட் கம்பெனிகளின் நிறங்கள். 1970களில் அது யாரையும் உறுத்தவில்லை. பிரிட்டனின் கார்கி நிறுவனம் ஜான் பிளேயர் லோட்டஸையும் மார்ல்பரோ மெக்லாரனையும் 1:18 அளவில், சிகரெட் பெயரோடு, பிள்ளைகளுக்கான பொம்மையாகவே விற்றது. இப்போது நினைத்தால் பதறுகிறது. பிறகு சட்டங்கள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் புகையிலை விளம்பரத் தடை 2005 ஜூலை 31 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 5ஆம் பிரிவு நேரடி, மறைமுக விளம்பரம் இரண்டையும் தடுக்கிறது. மாடல் கம்பெனிகள் பலவும் சிகரெட் பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு விற்கத் தொடங்கின. சேகரிப்பவர்கள் தனியாகக் கிடைக்கும் டிகால்களை வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, வீட்டிலேயே ஒட்டிக்கொண்டார்கள்.

தன் அலமாரிக்காக ஒருவர் ஒட்டிக்கொள்வது அவர் விருப்பம். அதே கார் கைமாறும்போதுதான் வம்பு தொடங்குகிறது. தொழிற்சாலையிலேயே முழு எழுத்தோடு அச்சான பிரதிக்கு விலை அதிகம். வெறுமையாக வந்த காரில் டிகால் ஒட்டி, அதை அச்சுப் பிரதி என்று விற்றால் அது பொய் வர்ணனை. ஒரு சாதாரண பூதக்கண்ணாடி போதும், கண்டுபிடித்துவிடலாம். டாம்போ முறையில் தொழிற்சாலையில் அச்சிட்ட எழுத்து நேராக பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கும். டிகாலைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், எழுத்தைச் சுற்றி மெல்லிய படலத்தின் விளிம்பு பளபளக்கும். பானெட்டின் வளைவில் ஒரு சுருக்கமோ காற்றுக் குமிழோ அகப்படும். மேலே வார்னிஷ் அடித்து விளிம்பை மறைப்பவர்களும் உண்டு. அப்போது, மற்ற இடங்களின் பளபளப்போடு அந்த இடத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சேகரிப்பாளர்களிடையே இதற்கு ஒரு கணக்கு உண்டு. மூலத் தயாரிப்பாளர் விற்றபடியே இருப்பது கோட் 1. அவர் அனுமதியோடு வேறொருவர் நிறமோ எழுத்தோ மாற்றியது கோட் 2. அனுமதி இல்லாமல் மாற்றியது கோட் 3. கோட் 3 என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் ஒரு தவறும் இல்லை. அருமையான கைவேலைகள் அந்த வகையில் இருக்கின்றன. மறைப்பதுதான் குற்றம். பழைய டிங்கி, கார்கி கார்களில் உடலையும் அடித்தட்டையும் சேர்ப்பது ரிவெட். மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டுமானால் அதைத் துளைத்துக் கழற்றியாக வேண்டும். எனவே காரைத் திருப்பி அடியைப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்: புதிய திருகோ, பசையோ, தலை சிதைந்த ரிவெட்டோ இருந்தால் 'ஒரிஜினல் பெயின்ட்' என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. பெட்டிகளும் டயர்களும்கூடப் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. 'பெட்டி அசலா, மறுபதிப்பா?' என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

கார் கம்பெனியின் சின்னத்தை மாடலில் போட யாருக்கு உரிமை என்ற கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆட்டெக் என்ற ஜெர்மன் நிறுவனம் 1:24 அளவில் ரிமோட்டில் ஓடும் ஓப்பல் ஆஸ்ட்ரா வி8 கூப்பே மாடலை, முன்பக்கக் கிரில்லில் ஓப்பல் சின்னத்தோடு விற்றது. ஓப்பல் வழக்குப் போட்டது. 2007 ஜனவரி 25 அன்று வந்த தீர்ப்பு, அசலை அப்படியே காட்டும் சின்னம் தானாகவே மீறல் ஆகிவிடாது, பொம்மை யாருடைய தயாரிப்பு என்று வாங்குபவரைக் குழப்புகிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்ற திசையில் சென்றது. 2010இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஓப்பலின் கோரிக்கையைத் தள்ளியது. வீட்டில் 3டி பிரின்டரில் காரைச் செய்து விற்பவர்கள் இதைத் தங்களுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அசல் காரின் சின்னம் வேறு, இன்னொரு மாடல் கம்பெனியின் அச்சையும் பெட்டி வடிவத்தையும் நகலெடுப்பது வேறு.

அடுத்த ஆபத்து காருக்கு உள்ளேயே இருக்கிறது. டை-காஸ்ட் கார்கள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுகின்றன. வார்க்கும்போது அந்தக் கலவையில் மிகச் சிறிய அளவு ஈயம் கலந்துவிட்டால்கூட, ஆண்டுகள் கழித்து உலோகத்தின் உள்ளே துகள்களுக்கு இடையில் அரிப்பு தொடங்கும். ஈரமும் வெப்பமும் அதை வேகப்படுத்தும். 1930களின் டிங்கி பந்தயக் கார்களில் பல இப்படித்தான் பொடிந்து போயின. பிற்காலக் கார்களையும் இது விட்டுவைக்கவில்லை. முதலில் பெயின்டில் சிறு கொப்புளம் எழும். பிறகு மயிரிழை விரிசல். உடல் வீங்கி நீள்வதால் அடித்தட்டு வளையும், அச்சுத் துளை பிளக்கும், கதவு சட்டத்தில் உட்காராது. மருந்து கிடையாது. பக்கத்துக் காருக்குத் தொற்றும் என்று பயப்படத் தேவையில்லை. நோய் அந்தந்த வார்ப்பிலேயே இருக்கிறது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் வைத்திருப்பவர்கள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கண்ணாடி அலமாரியில் வைத்தால் அரிப்பின் வேகம் குறையும்.

வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறைக்கு யார் பொறுப்பு? ஐரோப்பிய ஒன்றியத்தில் வியாபாரி விற்ற பொருளுக்கு 2 ஆண்டு சட்டப்பூர்வப் பொறுப்பு உண்டு. பழைய பொருளானால் அதை 1 ஆண்டாகக் குறைக்கச் சில நாடுகள் அனுமதிக்கின்றன. பொதுவாக முதல் ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது வியாபாரியின் வேலை. தனி நபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே 'அரிப்பு இல்லை' என்று அவர் எழுதித் தந்திருந்தால்தான் பிடி இருக்கும்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பெட்டியில் உள்ள '14+' என்ற எழுத்தைக் கவனிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்பு உத்தரவு, 14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கானது என்று தெளிவாகக் குறிப்பிட்டு விற்கும் நுணுக்க மாடல்களைப் பொம்மைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது, பொம்மைக்குச் செய்ய வேண்டிய சோதனைகள் அந்தக் காருக்குச் செய்யப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கண்ணாடி, ஆன்டெனா போன்ற துணுக்குகள் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். பழைய கார்களின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்கா வீட்டுப் பெயின்டிலும் பொம்மைப் பெயின்டிலும் ஈயத்தைத் தடை செய்ததே 1978இல்தான். பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் தேய்த்து எடுக்கக் கூடாது. அந்தத் தூள் மூச்சில் போகும்.

இனி பரிகாரம். ஏமாந்தவருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது யாரிடம், எப்படிப் பணம் கட்டினார் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். இணைய ஏலத்துக்கும் இது பொருந்துமா என்ற வழக்கில், ஒரு வைரக் கைச்சங்கிலியை வைத்து, பொருந்தும் என்று 2004 நவம்பர் 3 அன்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் சொன்னது. நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய ஏலக் கூடத்தில் இந்தச் சலுகை இல்லை. அங்கே ஏல விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷனும் சேரும், விதிமுறைகளைப் படிக்காமல் கை தூக்கக் கூடாது. பிரிட்டனில் கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை வாங்கினால், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு வங்கியையும் பொறுப்பாக்குகிறது. 'கமிஷன் மிச்சமாகும், நண்பருக்கு அனுப்புவதுபோல் பேபாலில் அனுப்புங்கள்' என்று விற்பவர் கேட்டால் மறுத்துவிட வேண்டும். அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் சுங்கத்தை மறந்துவிடக் கூடாது. பொம்மைகளும் அளவு மாடல்களும் சுங்கப் பட்டியலில் 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. அதற்கான அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. வாங்கும் நாளில் நடைமுறையில் உள்ள விகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். வரியைத் தவிர்க்க விலையைக் குறைத்து எழுதச் சொல்பவர் இரண்டு பக்கமும் அடி வாங்குவார்: சுங்கம் அபராதம் போடலாம், பார்சல் தொலைந்தால் எழுதிய அந்தச் சிறு தொகைக்குத்தான் இழப்பீடு.

இந்தியக் கடையிலோ தளத்திலோ வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் துணை. குறையுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதன் பிறகு மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கால வரம்பு 2 ஆண்டு. முன்பின் தெரியாதவருக்கு யுபிஐயில் பணம் அனுப்பி ஆளையே காணோம் என்றால் அது நுகர்வோர் வழக்கு அல்ல, சைபர் மோசடி. 1930க்கு உடனே கூப்பிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மிச்சம் இருக்கிறது. விலை ஏறும், பிறகு விற்கலாம் என்று ஒரே மாடலில் ஐந்தாறு வாங்கி வைப்பவரை நுகர்வோர் சட்டம் நுகர்வோராக ஏற்காது; மறுவிற்பனைக்காக வாங்குபவர் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார். அவருக்கு உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. வழக்கு எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது பில், விளம்பரத்தின் பிரதி, விற்பவரோடு நடந்த செய்திப் பரிமாற்றம், பார்சலை வெட்டாமல் ஒரே தொடர்ச்சியாகப் பிரித்துக் காட்டும் வீடியோ. வீடியோவில் முகவரிச் சீட்டு, பெட்டியின் ஆறு பக்கம், காரின் அடித்தட்டு மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும்.