பைக்கில் கார் ஆயில் ஊற்றலாமா? கேனின் பின்பக்கம் பார்க்க வேண்டிய அந்த இரண்டு எழுத்து!

இருவழிச் சாலை. முன்னால் ஒரு லாரி, எதிரே தூரத்தில் பஸ். 'தாண்டிடலாம்' என்று ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறீர்கள். இன்ஜின் அலறுகிறது, ஆனால் வேகம் மட்டும் ஏறவே இல்லை. பஸ் கிட்டத்தில் வந்துவிட்டது!

இதைத்தான் மெக்கானிக்குகள் 'கிளட்ச் சிலிப்' என்கிறார்கள். பிளேட் தேய்ந்திருக்கலாம், கிளட்ச் கேபிளை அளவுக்கு மீறி டைட் செய்திருக்கலாம். ஆனால் போன வாரம்தான் ஆயில் மாற்றினேன், அதற்குப் பிறகுதான் இப்படி என்றால், சந்தேகப்பட வேண்டியது ஆயிலைத்தான். அதுவும், 'விலை அதிகம், அப்போ நல்லதாத்தான் இருக்கும்' என்று கார் ஆயிலை வாங்கி ஊற்றியிருந்தால் இன்னும் சந்தேகம்.

காருக்கு நல்லது, பைக்குக்கு ஏன் ஆகாது?

காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறு ஆயில். மேனுவல் கியர் காரில் கிளட்ச் பெரும்பாலும் ஆயில் படாமல் வெளியே உலர்ந்து இருக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கியர் பைக்குகளில் கதையே வேறு. ஸ்ப்ளெண்டரோ பல்சரோ அப்பாச்சியோ, ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான். அதே ஆயில் பிஸ்டனையும் காப்பாற்றணும், கியர் பற்களுக்கும் போகணும், கிளட்ச் பிளேட்டுகளும் அதிலேயே முங்கிக் கிடக்கும்.

இங்கேதான் சிக்கல். இன்ஜினுக்கு வழுக்கல் வேண்டும். கிளட்சுக்குப் பிடிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே ஆயில் தரணும்!

கார் ஆயில்களில், குறிப்பாக மைலேஜுக்காக வரும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ரகங்களில், உராய்வைக் குறைக்கும் ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். காருக்கு அது லாபம். பைக்கில் அதே சரக்கு கிளட்ச் பிளேட்டில் படிந்தால் பிடிப்பு போய்விடும்.

இன்னொரு காரணமும் இருக்கு. கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி அதன் கெட்டித்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடும். பைக் ஆயிலை இதைத் தாங்கும்படிதான் தயாரிக்கிறார்கள். ஆயில் பழசானதும் கியர் 'கடக் கடக்' என்று விழுவது இதனால்தான்.

அந்த இரண்டு எழுத்து

கேனின் பின்பக்கம் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், 'ஜாசோ' என்று. ஜப்பானின் வாகனத் தர அமைப்பு 1998-ல் பைக் ஆயிலுக்கென்றே கொண்டுவந்த தரம் இது. அதில் 'எம்ஏ' என்றிருந்தால் ஆயிலில் முங்கிய கிளட்சுக்கு ஏற்றது. 2006-ல் அதையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2-வில் பிடிப்பு அதிகம். 'எம்பி' என்றிருந்தால் உராய்வு குறைவு, அது ஸ்கூட்டருக்கு.

கார் ஆயில் எல்லாமே கிளட்ச்சை வழுக்க வைக்கும் என்று சொல்ல முடியாது. சில டீசல் இன்ஜின் ஆயில்களிலேயே ஜாசோ எம்ஏ இருக்கும். அதேபோல 'சிந்தெடிக் ஊத்தினா கிளட்ச் போயிடும்' என்ற பேச்சும் சரியில்லை. சிந்தெடிக் ஆயிலிலும் எம்ஏ2 தாராளமாகக் கிடைக்கிறது. மினரலா சிந்தெடிக்கா என்பது அடுத்த கேள்வி. முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்க.

தெரியாமல் ஊற்றிவிட்டால்? ஓட்டிக்கொண்டே இருக்காமல் உடனே வடித்துவிட்டு, சரியான ஆயிலை ஊற்றுங்கள். சில சமயம் பழைய ஆயில் முழுசாகப் போக இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் வழுக்கினால் பிளேட் செலவு வந்துவிட்டது என்று அர்த்தம்.

'நம்ம வெயிலுக்கு 10-30 தண்ணி மாதிரி சார்!'

இதைக் கேட்காதவர்கள் குறைவு. 10டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ என்றால் விண்டர். அதாவது முதல் எண் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எப்படி இருக்கும் என்பதற்கு. இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மைக்கு. வெளியே ஊட்டியோ வேலூரோ, ஓடிச் சூடான இன்ஜினுக்குள் ஆயில் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கும். கம்பெனி இன்ஜினின் உள் இடைவெளிகளைக் கணக்குப் போட்டுத்தான் எண்ணைச் சொல்கிறது. 10டபிள்யூ-30 சொன்ன வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் இன்ஜின் மெத்தென்று ஓடுவது போலத் தோன்றும், ஆனால் மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறவும் நேரம் பிடிக்கும். ராயல் என்ஃபீல்டின் இப்போதைய 350 வண்டிகளுக்கு 15டபிள்யூ-50. எனவே ஓனர் மேனுவலில் என்ன இருக்கோ அதுதான் கணக்கு.

ஸ்கூட்டர்காரர்கள் மறக்கும் அந்த 100 மில்லி

ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் கிளட்ச் ஆயிலில் படாது, அதனால் எம்பி ஆயில். எம்ஏ ஊற்றினால் பெரிய ஆபத்து இல்லை, மைலேஜ்தான் கொஞ்சம் அடி வாங்கும். ஆனால் ஸ்கூட்டருக்கு வாங்கி மிச்சமான எம்பி ஆயிலை வீட்டிலிருக்கும் பைக்கில் ஊற்றாதீங்க!

ஸ்கூட்டரின் பின்சக்கரம் பக்கத்தில் ஒரு குட்டி கியர் பெட்டி இருக்கும். அதற்குத் தனி ஆயில், சுமார் 100 மில்லிதான். என் ஸ்கூட்டரில் மூன்று வருஷமாக அதை யாருமே திறக்கவில்லை. ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் 'ஆயில் சேஞ்ச்' என்று மட்டும் ஜம்மென்று இருந்தது. பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்த பிறகுதான், கியர் ஆயில் என்று பில்லில் தனியாக ஒரு வரி வரணும் என்பதே எனக்குத் தெரிந்தது.

மூன்று இடம், மூன்று ஆயில்: பழைய புல்லட்

சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன 'ஒரே ஆயில்' கணக்கு பொருந்தாது. அதில் இன்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. இரண்டையும் இணைக்கும் பிரைமரி செயினும் கிளட்சும் இடப்பக்கம் ஒரு மூடிக்குள் தனி. மூன்றுக்கும் வேறு வேறு ஆயில். 2000-களின் இறுதியில் யூசிஇ இன்ஜின் வந்த பிறகுதான் எல்லாம் ஒன்றானது. ஹார்லியின் பெரிய ரகங்களில் இன்றும் மூன்று தனித்தனிதான். அங்கே மூன்றுக்குமே ஊற்றக்கூடிய ஒரே ஆயிலையும் கம்பெனியே விற்கிறது.

பழைய புல்லட்டில் பெரும்பாலோர் தப்பு செய்வது பிரைமரியில். உள்ளே கிளட்ச் இருக்கிறது, ஆகவே அங்கேயும் பிடிப்பைக் கெடுக்காத இன்ஜின் ஆயில்தான், அதுவும் அரை லிட்டருக்குள். 'செயின்தானே' என்று 90 கியர் ஆயிலை ஊற்றினால் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு, கிளட்ச் பிடித்தாலும் வண்டி முன்னால் இழுக்கும்.

கியர் பாக்ஸுக்குத்தான் அந்த 90. பேரைக் கேட்டு 50-ஐ விட ரொம்பக் கெட்டி என்று நினைக்க வேண்டாம். கியர் ஆயிலின் அளவுகோலே வேறு. 90 கியர் ஆயிலும் 40, 50 இன்ஜின் ஆயிலும் சூட்டில் ஏறக்குறைய ஒரே கெட்டிதான். வித்தியாசம், பற்கள் அழுத்தும்போது தாங்கும் கந்தக ரசாயனங்கள். கியர் ஆயிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இருக்கும். ஜிஎல்-5-ல் கந்தகம் அதிகம், பழைய பெட்டிகளின் வெண்கல புஷ்ஷை அது அரிக்கக்கூடும். அதனால் ஜிஎல்-4 கேட்டு வாங்குங்க.

இன்னொன்று. பழைய புல்லட் பல நாள் நின்றால் ஆயில் அதன் அறையிலிருந்து மெதுவாக கிராங்க் பகுதிக்குள் இறங்கிவிடும். ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயிலே இல்லாதது போல இருக்கும். பதறிப்போய் அரை லிட்டர் ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் கூடுதல் ஆயில் எல்லாம் மூச்சுக்குழாய் வழியாக வெளியே வந்து பின்சக்கரத்தை நனைக்கும். சில நிமிடங்கள் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, அப்புறம் ஸ்டிக்கைப் பாருங்கள்.