பலர் கூடி எழுதும் நாவல்

தேர் வடத்தைப் பலர் பற்றி இழுக்கலாம். அனைவரும் ஒரே திசையில் இழுப்பதால் தேர் நகர்கிறது. பலர் கூடி எழுதும் நாவலில் அந்தத் திசையை முதலில் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

2007ஆம் ஆண்டு பெங்குவின் பதிப்பகமும் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் ஒரு சோதனை நடத்தின. 'எ மில்லியன் பெங்குவின்ஸ்' என்னும் அந்த நாவலை எவரும் எழுதலாம். பிறர் எழுதியதை எவரும் மாற்றலாம். ஏறத்தாழ 1,500 தன்னார்வலர்கள் ஐந்து வாரங்கள் எழுதினர். ஒருவர் கதையெங்கும் வாழைப்பழங்களை நுழைத்துக்கொண்டே இருந்தார்! முடிவில் ஆயிரக்கணக்கான திருத்தங்கள் இருந்தன. கோவையான கதை இல்லை. ஆர்வத்திற்குக் குறைவில்லை, திட்டமே இல்லாமற்போயிற்று.

இதற்கு நெடுங்காலம் முன்பே, 1931இல், இங்கிலாந்தின் துப்பறியும் கதை எழுத்தாளர் சங்கமான டிடெக்‌ஷன் கிளப் இச்சிக்கலை அறிவுடன் கையாண்டது. 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்னும் நாவலில், ஆற்றில் மிதந்து வந்த படகில் கடற்படைத் தலைவர் ஒருவரின் உடல் கிடக்கிறது. கொலையாளி யார்? அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் உள்ளிட்டோர் ஆளுக்கோர் இயலாக எழுதினர். முன்னவர் விட்டுச்சென்ற புதிர்களைப் பின்னவர் புறக்கணிக்கக் கூடாது என்பது விதி. மனத்தில் ஒரு தீர்வு இல்லாமல் புதிய சிக்கலைச் சேர்க்கவும் கூடாது. ஆகவே அவர்கள் தத்தம் தீர்வுகளைத் தனியே எழுதிக்கொடுத்தனர். அவையும் நூலின் பின்னே அச்சாயின. அப்படியும் முடிச்சுகள் பெருகின. எட்டாம் இயலை எழுதிய ரொனால்டு நாக்ஸ் 39 ஐயங்களைப் பட்டியலிட நேர்ந்தது. அனைத்தையும் அவிழ்க்கும் பொறுப்பு இறுதி இயலை எழுதிய ஆண்டனி பெர்க்லி தலையில் விழுந்தது. பாவம், அவர்!

எழுதுபவர் இல்லாதபோதும் கதையை நடத்திச்செல்பவை குறிப்புகளே. 1954இல் கல்கி மறைந்தபோது 'அமரதாரா' முற்றுப்பெறவில்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை நிறைவுசெய்தார். ஊதியமின்றி எழுதும் தன்னார்வலர் குழுவில் தேர்வு, வேலை, ஊர்மாற்றம் எனப் பல காரணங்களால் ஒருவர் நடுவில் விலகக்கூடும். எனவே பொதுவான குறிப்பேடு ஒன்று இன்றியமையாதது.

பெங்களூருவில் நிகழும் கதை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இரண்டாம் இயலில் அல்சூரில் வசிக்கும் பாட்டி, ஐந்தாம் இயலில் காரணமின்றி ஸ்ரீராமபுரத்தில் இருத்தலாகாது. முதல் இயலில் தமிழோடு 'ஸ்வல்ப' என்னும் கன்னடச் சொல்லைக் கலந்து பேசுபவர், வேறொருவர் எழுதும் இயலில் செந்தமிழில் உரையாற்றினால் அவர் வேறொரு பாட்டியாகிவிடுவார். பெயர், வயது, வீடு, பேச்சுவழக்கு ஆகியவை முதல் நாளே குறிப்பேட்டில் ஏறவேண்டும்.

படைப்பு யாருக்கு உரியது என்னும் வினா எஞ்சுகிறது. நட்பு முறிவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். இதற்குப் பெங்களூருவிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. இங்குள்ள பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையக் கதைத்தளத்தைத் தொடங்கியது. அங்குள்ள கதைகள் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் திறந்த உரிமத்தில் வெளியாகின்றன. கன்னடக் கதையை எவரும் தமிழாக்கலாம்; தமிழ்க் கதையை மாற்றியும் எழுதலாம். ஆனால் மூல எழுத்தாளர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் பெயர்களைக் குறிப்பிட வேண்டும். நாவல் எழுதும் குழுவும் இத்தகைய உடன்பாட்டை முதல் வரி எழுதுமுன்பே செய்துகொள்வது நன்று. இரண்டு இயல்கள் எழுதிவிட்டு விலகியவரின் பெயரும் அட்டையில் இடம்பெறுமா என்பதையும் அப்போதே முடிவுசெய்ய வேண்டும்.