பெயர் மாறினும் ரேகை மாறாது

பிடிபட்ட ஒருவன் முன்பு தண்டனை பெற்றவனா என்பதைக் காவல் துறையினர் எவ்வாறு அறிகின்றனர்? பெயரைக் கேட்டால் போதாதா என மாணவச் செல்வங்கள் எண்ணலாம். ஒரே வகுப்பில் இரண்டு முனியாண்டிகள் இருந்தாலே வருகைப் பதிவேட்டில் நாம் தடுமாறுகின்றோம்! பொய்ப்பெயர் கூறுபவனிடம் காவலர் என் செய்வர்? ஆகவே அவனுடைய விரல்களைப் பார்க்கின்றனர். விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றது. இரட்டையர்க்கும் அது ஒன்றாய் இராது.

ஆயினும் பல்லாயிரம் ரேகைத் தாள்களுள் ஒன்றைத் தேடி எடுப்பது எங்ஙனம்? கணினி இல்லாக் காலத்தில் வங்காளக் காவல் துறை இதற்கு வழி கண்டது. எட்வர்ட் ஹென்றி என்னும் தலைவரின் கீழ்ப் பணியாற்றிய அஸிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரின் உழைப்பு அது. பெயரோ ஹென்றிக்கே நிலைத்தது. உழைத்தவர் பின்னே நிற்பது உலகிற்குப் புதிதன்று. விரலில் சுழி உண்டா, இல்லையா? இவ்வினாவைப் பத்து விரல்களுக்கும் கேட்டால் 1,024 வகைகள் கிடைக்கும். (2ஐப் பத்து முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள்.) வகைக்கோர் அறையாக அடுக்கிவிட்டால், ஓர் அறையைத் திறந்து தேடினால் போதும்.

1897ஆம் ஆண்டு, வங்காளத்தின் ஜல்பாய்குரிப் பகுதியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் படுக்கையிலேயே கொலையுண்டு கிடந்தார். பணமும் களவு போயிருந்தது. அவர் கடுமையாக வேலை வாங்குபவர் என்பதால் தோட்டத் தொழிலாளர்மீது ஐயம் எழுந்தது. உடையில் இரத்தக் கறை இருந்தமையால் சமையற்காரரும் தப்பவில்லை. அப்போது, பெட்டிக்குள் கிடந்த பஞ்சாங்கத்தின் அட்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை காணப்பட்டது. கல்கத்தாவில் இருந்த தாள்களுடன் ஒப்பிட்டபோது, முன்பு அம்மேலாளரிடம் திருடிச் சிறை சென்ற வேலைக்காரன் ஒருவனின் வலப் பெருவிரலுடன் அது பொருந்தியது. 1898இல் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்காகத் தண்டித்தது. கொலைக்கு ரேகை மட்டும் போதிய சான்றன்று எனக் கருதி அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. அத்தீர்ப்பின் நிதானம் நம்மை வியக்க வைக்கின்றது.

இன்று அறைகளின் இடத்தில் கணினி உள்ளது. அது ஒத்த ரேகைகள் சிலவற்றை எடுத்துத் தரும். இறுதியில் வல்லுநரே கண்ணால் ஒப்பிட்டு முடிவு கூறுவார்.

மலேசிய அடையாள அட்டையின் சில்லில் 2001 முதல் இரு பெருவிரல் ரேகைகளும் பதிக்கப்படுகின்றன. அது குற்றப் பதிவேடன்று. பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. கடும் உழைப்பால் தேய்ந்த விரல்களில் ரேகை மங்கலாய்ப் பதிவதுண்டு. மேல்தோல் மட்டும் தேய்ந்திருப்பின், சில நாள் ஓய்வில் அதே ரேகை மீண்டும் தெளிவாகிவிடும்.