இளவேனிலிற் கோய் மீனுக்கு உணவிடல்

யப்பானின் நீகாத்தா மாகாணத்திலுள்ள யமகோசி என்னும் மலைநாட்டில் நெல் படிவயல்களிலே விளைவிக்கப்படுகின்றது. வயல்களுக்கு மேலே, உருகிய பனிநீரைத் தேக்கிவைக்கும் சிறு குளங்கள் பல உள. மாரியிற் பத்தடி உயரத்துக்குப் பனி மூடி வழிகள் அடைபடும் அவ்விடத்துக் கமக்காரர், உணவுக்கென அக்குளங்களிற் கெண்டை வளர்த்து வந்தனர். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மீன்களுட் சில நிறம் மாறித் தோன்றின. அவற்றைக் கறிக்கு எடாது பிரித்து வைத்து இனம் பெருக்கியதன் பயனே, இன்று கோய் எனப்படும் நிறக் கெண்டையாகும். 1914 இல் தோக்கியோவில் நடைபெற்ற பொருட்காட்சிக்குப் பின்னரே யப்பானின் ஏனைய பகுதியினர் இதனைப் பரவலாக அறிந்தனர். நெல்லுக்குத் தேக்கிய நீர் மீனாலும் பணம் தந்தது என்பது கமக்காரர் கவனிக்கத்தக்கது.

இப்பொழுது யப்பானில் மட்டுமன்றி இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய குளிர்நாடுகளிலும் வீட்டு வளவுகளில் தடாகம் அமைத்து இம்மீனை வளர்க்கின்றனர். பனிக்கட்டியின் கீழ் மூன்று மாதம் உயிரோடிருந்த மீன், வெயில் பிறந்தபின் இறந்து மிதப்பதைக் கண்டு திகைப்போர் பலர். இவ்விழப்புக்குக் காரணம் பல இருப்பினும், வளர்ப்போரின் கையில் உள்ள காரணம் உணவே.

மீனின் உடல் தனக்கென வெப்பம் உண்டாக்கிக் கொள்வதில்லை. நீர் எவ்வளவு சூடோ, மீனும் ஏறக்குறைய அவ்வளவே. மேலும், கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தொண்டையிலுள்ள பற்களால் அரைபட்ட உணவு நேரே குடலுக்குட் செல்கின்றது. அங்கே அதனைச் செரிக்கச் செய்யும் நொதியங்கள் குளிரில் மிக மெதுவாகவே தொழிற்படும். கோடையிற் சில மணி நேரத்திற் கழியும் உணவு, குளிர்நீரிற் பல நாட்கள் குடலிற் கிடக்கலாம். வேர் பிடியாத நாற்றுக்கு இட்ட பசளை எங்ஙனம் பயன்படாதோ, அங்ஙனமே இதுவும்.

இளவேனிலின் தொல்லை குளிர் அன்று. குளிரும் சூடும் மாறி மாறி வருவதே தொல்லை. ஏப்பிரல் மாதத்து ஒரு கிழமையை எடுத்துக்கொள்க. திங்களும் செவ்வாயும் நல்ல வெயில். இரண்டடி ஆழமான தடாகத்தின் நீர் பிற்பகலில் 14 பாகை செல்சியசுக்கு ஏறுகின்றது. மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றன. வளர்ப்பவர் மகிழ்ந்து ஒரு பிடி உணவை இடுகின்றார். புதனன்று வாடைக்காற்று, இரவில் உறைபனி. வியாழன் காலை நீர் 7 பாகையில் நிற்கின்றது. செவ்வாயன்று உண்டது இன்னும் குடலில் இருக்கின்றது. மீனோ அடித்தளத்தில் அசையாது கிடக்கின்றது.

ஆதலின் உணவிடுவதை வெயிலைப் பார்த்தோ மீனின் வாயைப் பார்த்தோ தீர்மானித்தல் ஆகாது; வெப்பமானியைப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். வெப்பமானியை நூலிற் கட்டித் தடாகத்தின் அடிப்பாகத்திற்கு இறக்கி, சூரியன் ஏறுமுன் பார்க்க வேண்டும். பிற்பகலில் மேல்நீரில் எடுத்த அளவு ஏமாற்றும். காலை அளவு ஒரு கிழமை தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நின்றாலன்றி உணவிடல் கூடாது. அதன்பின் 15 பாகை வரை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, நண்பகலளவில், ஐந்து நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே போதும். மிஞ்சியதை வலையால் அள்ளிவிட வேண்டும். 15 பாகையைத் தாண்டியபின் நாளுக்கு ஒருமுறையாக்கலாம். 20 பாகைக்கு மேல் நிறைய இடலாம். இடையிற் குளிர்க்காற்று வருமென வானிலை அறிவித்தல் கூறின், அதற்கு இரண்டு நாள் முன்னரே உணவை நிறுத்துவது நன்று. வாய் திறந்து வரும் மீனைப் பார்த்துக்கொண்டு வெறுங்கையுடன் நிற்பது இலேசான காரியமன்று. எனினும் உடல்நலமுள்ள கோய், மாரி முழுவதும் தன் கொழுப்பைக் கொண்டே வாழ வல்லது. மேலும் பத்து நாள் பட்டினியால் அது இறந்துவிடாது.

முதலில் இடும் உணவு கோதுமை முளை கலந்த, எளிதிற் செரிக்கும் உணவாக இருத்தல் வேண்டும். புரதம் மிகுந்த வளர்ச்சியுணவு கோடைக்கு உரியது. சென்ற ஆண்டு மிஞ்சிய பையை இளவேனிலிற் பயன்படுத்துவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் அதிலுள்ள எண்ணெய் சிக்கு நாற்றமடைந்து கெட்டிருக்கும்.

நீரிலும் ஒரு காரணம் உண்டு. மீனின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும் அமோனியா நீரிற் சேரும். அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியில் வாழ்கின்றன. குளிரில் அவையும் சோர்ந்திருந்து, நீர் சூடேறியபின்பும் சில கிழமை சென்றே பெருகும். அதற்குமுன் உணவை மிகுத்தால் நஞ்சு தேங்கும். உணவிடத் தொடங்கிய காலத்தில் அமோனியாவையும் நைத்திரைற்றையும் கிழமைக்கு இருமுறை சோதித்து, அவை தோன்றின் உணவை நிறுத்தி, நீரிற் சிறு பங்கை மாற்றுதல் வேண்டும். புதுநீர் குழாய்நீராயின் அதிலுள்ள குளோரீனை நீக்கியே விட வேண்டும்.

இக்காலத்தில் நோயும் காத்திருக்கின்றது. மீனின் நோயெதிர்ப்புச் சக்தி மெல்லவே விழிக்கும். புண்ணை உண்டாக்கும் கிருமிகளும் சில ஒட்டுண்ணிகளும் அதற்கு முன்னரே செயற்படத் தொடங்கிவிடும். செதில் எழும்புதல், சிவந்த புண், கல்லில் உடலை உரசுதல் ஆகியவை காணப்படின் உணவிடாது மீனைச் சோதிப்பித்தல் வேண்டும்.

யமகோசியினர் இவ்வில்லங்கத்தை வேறு வழியால் தவிர்க்கின்றனர். இலையுதிர் காலத்திற் குளங்களை வடித்து, மீன்களைக் கூரையுள்ள தொட்டிகளிற் சேர்த்து, பனி உருகி மண்குளங்கள் சூடேறிய பின்னரே திரும்ப விடுகின்றனர். வளவுத் தடாகம் உடையோர்க்கு அவ்வசதி இல்லை. ஆயினும் தடாகத்தின் ஒரு பகுதியையேனும் நாலைந்து அடி ஆழமாக்கினால், ஒரு நாள் வெயிலுக்கும் ஓரிரவுப் பனிக்கும் நீர் அவ்வளவாக அசையாது.

இலங்கையின் தாழ்நிலங்களில் நீர் இவ்வளவு குளிர்வதில்லை. அங்கே கவனிக்க வேண்டியது கடும் வெப்பத்தில் ஒட்சிசன் குறைதலே. நுவரெலியாப் பகுதியில் மரக்கறித் தோட்டத்தருகே தொட்டியில் கோய் வைத்திருப்போரின் நிலை வேறு. சனவரி, பெப்ரவரி மாதங்களிற் பகல் வெயிலும் இரவு உறைபனியும் அடுத்தடுத்து வரும்போது, ஆழமற்ற தொட்டிநீர் வெகுவாகக் குளிரக்கூடும். உருளைக்கிழங்குப் பாத்தியைப் பனிக்கு மூடும் நாட்களில், மீனுக்கு உணவிடுமுன் தொட்டியில் வெப்பமானியை இறக்கிப் பார்த்துக் கொள்ளுதல் வேண்டும்.